வடமாநிலத் தொழிலாளர்களுக்குச் சபை மண்டபத்தைக் கொடுக்கலாமா? பைபிள் என்ன சொல்கிறது?

கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும். காரைக்குடிப் பக்கம் உங்கள் சபைக்குக் கட்டட வேலைக்கு வந்த ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள் கொஞ்ச மாதமாக ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார்கள். மத்தியானத்துக்கு மேல் மண்டபத்தைக் கொடுத்தால் இந்தியில் பாடி ஜெபித்துக்கொள்கிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். கமிட்டியில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் மூன்று: ரோமர் 13 சட்டத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது, முதலில் நம்ம பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், அப்புறம் பாதுகாப்பு. கடைசியில் வாடகை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன்.

நான் தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கன். நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று தெரிவதால் உங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே வசனம் எடுக்கிறேன், இல்லாவிட்டால் கமிட்டியில் அதையே ஒரு பிரச்சினை ஆக்கிவிடுவார்கள்.

முதலில் ரோமர் 13. தம்பி, இது இங்கே பொருந்தவே பொருந்தாது. ராஞ்சியிலிருந்து காரைக்குடிக்கு வேலைக்கு வருகிறவன் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. இந்தியாவுக்குள் எங்கும் போய்வரவும் எங்கும் தங்கிக்கொள்ளவும் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு உரிமை கொடுத்திருக்கிறது. அவனைப் பாதுகாக்க 1979-லேயே மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். ஆள் கூட்டிவரும் கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், உள்ளூர்க்காரனுக்குக் கொடுக்கும் கூலியை இவனுக்கும் கொடுக்க வேண்டும், தங்க இடம் தர வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. சட்டத்துக்குக் கீழ்ப்படியவில்லை என்று யாரையாவது கேட்க வேண்டுமானால் அந்தக் கான்ட்ராக்டரைக் கேட்கட்டும், அவர் ஒருவேளை கமிட்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

சட்டம் என்பது நிஜமாகவே சிக்கலாகும் இடம் இலங்கைத் தமிழர் முகாம்கள்தான். 1983-க்குப் பிறகு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர் வழியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் அந்நியர் என்றே பதிவாகியிருக்கிறார்கள். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தது, இவர்களை விட்டுவிட்டது. அங்கே சபை சட்டத்தை மதித்துக்கொண்டே மனு எழுதலாம், வக்கீல் வைக்கலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். ஒரு நாட்டுக்கு எல்லை இருப்பதும், யார் உள்ளே வரலாம் என்று அரசு தீர்மானிப்பதும் தவறு என்று நான் சொல்லவில்லை. வந்துவிட்டவனை எப்படி நடத்துவது என்பது தனிக் கேள்வி, பைபிள் பேசுவது பெரும்பாலும் அதைத்தான்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பிரசங்கங்களில் இந்த விஷயம் எப்போதும் இரக்கம், அன்பு என்ற மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. மோசேயின் சட்டத்தைத் திறந்தால் கூலி, அறுப்பு, விருந்து, வழக்கு, விடுமுறை என்று வருகிறது. உபாகமம் 24-ல் ஏழைக் கூலிக்காரன் உன் சகோதரனானாலும் உன் ஊரில் இருக்கிற அந்நியனானாலும் அவனை ஒடுக்காதே, பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடு, அவன் அதையே நம்பிக்கொண்டிருக்கிறான் என்று இருக்கிறது. அதே அதிகாரத்தில் வயலில் மறந்த கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, ஒலிவ மரத்தை இரண்டாம் முறை உலுக்காதே, திராட்சைத் தோட்டத்தில் மிஞ்சியதைப் பறிக்காதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்று வருகிறது. உனக்கு இஷ்டமிருந்தால் கொடு என்று அங்கே எழுதவில்லை. பத்துக் கட்டளையில் ஓய்வுநாள் சொல்லும் இடத்திலேயே 'உன் வாசல்களில் இருக்கிற அந்நியனானாலும்' வேலை செய்யக்கூடாது என்று சேர்த்திருக்கிறது. அவனுக்கும் ஞாயிறு உண்டு என்பதுதான் அதன் பொருள், கான்க்ரீட் போடும் அவசரம் இருந்தாலும்.

இதற்கெல்லாம் காரணமாகச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று. யாத்திராகமம் 23:9: 'அந்நியனை ஒடுக்காயாக, எகிப்துதேசத்தில் அந்நியராயிருந்த நீங்கள் அந்நியனுடைய இருதயத்தை அறிந்திருக்கிறீர்களே.' லேவியராகமம் 19:34-லும் அதே காரணம்தான், அவனைச் சுதேசிபோல எண்ணி உன்னைப்போல அவனிலும் அன்புகூரு, நீங்களும் அந்நியராயிருந்தீர்களே என்று.

சரி, இந்த வசனத்தைச் செட்டிநாட்டில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு விளக்கவுரையே தேவையில்லை என்பேன். இந்த ஊர் வீடுகளைப் பாருங்கள். முகப்புத் தூண் பர்மாத் தேக்கு. அந்த மரம் வந்த பணம் ரங்கூனிலும் மௌல்மேனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கொழும்பிலும் சம்பாதித்தது, அத்தனையும் அந்நிய மண். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) மட்டும் போகவில்லை, அவர்கள் கடையில் கணக்கெழுதவும் சமைக்கவும் நம்ம பக்கத்து எல்லாச் சாதியிலும் ஆள் போனது. கிறிஸ்தவக் குடும்பங்களில் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போகாத வம்சம் எத்தனை இருக்கும்? போன இடத்தில் நம்மை எப்படிப் பார்த்தார்கள்? 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது, பெரும்பாலும் விலை விழுந்து கடன் கட்ட முடியாமல் போன நிலம். வட்டிக்காரன், நிலம் பிடுங்குகிறவன் என்றார்கள். கூலிக்குப் போனவனை எங்கள் வேலையைக் குறைந்த கூலிக்குப் பறிக்கிறவன், அழுக்கானவன், கும்பலாகத் தங்குகிறவன் என்றார்கள். 1930-லும் 1938-லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கான பேர் காட்டு வழியாக நடந்தே திரும்பினார்கள், வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். மிச்சமிருந்தவர்களிலும் லட்சக்கணக்கான பேர் 1960-களில் நெ வின்னின் ராணுவ ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கியபோது வெறுங்கையோடு கப்பலேறினார்கள். இன்றைக்கு டீக்கடையில் 'வடக்கன்' என்று ஆரம்பித்துப் பேசுவதில் பாதி, அன்றைக்கு ரங்கூனில் நம் தாத்தாக்களைப் பற்றிப் பேசியதுதான்.

இன்னொன்றும் உண்டு. 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி சிலோன் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. வந்தவர்கள் அப்பட்டமான தமிழர்கள், நம்ம ஊர்களிலிருந்தே போன குடும்பங்கள். அவர்களையும் இங்கே 'சிலோன்காரன்' என்றுதான் ஒதுக்கி வைத்தோம். ஆகையால் பிரச்சினை இந்தியும் இல்லை, பான்பராக்கும் இல்லை.

பைபிள் முழுக்க ஒரே குரலில் பேசுகிறது என்று நான் சொன்னால் உங்கள் கமிட்டியில் வேதம் தெரிந்த ஒருவர் எழுந்து உபாகமம் 23-ஐத் திறப்பார். மோவாபியன் பத்தாம் தலைமுறை வரை சபைக்குள் வரக்கூடாது என்று அங்கே இருக்கிறது. எஸ்றா 10-ல் அந்நிய மனைவிகளைப் பிள்ளைகளோடு அனுப்பிவிடச் சொல்கிறார்கள். அந்நியனிடம் வட்டி வாங்கலாம் என்றும் அதே உபாகமம் 23 சொல்கிறது (செட்டிநாட்டில் இருந்துகொண்டு அந்த வசனத்தை மட்டும் தாண்டிப் போனால் நன்றாயிருக்காது). இதையெல்லாம் மறைக்க வேண்டாம். ஆனால் அதே பைபிளில் ரூத்தின் புத்தகமும் இருக்கிறது. அவள் மோவாபியப் பெண். கதிர் பொறுக்கும் உரிமையைப் பயன்படுத்தி, மாமியாரையும் காப்பாற்றி, போவாஸைக் கல்யாணம் செய்து, தாவீது ராஜாவுக்குக் கொள்ளுப்பாட்டி ஆகிறாள், தாவீதின் தகப்பனுக்கு அப்பாவைப் பெற்றவள். மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்சவரலாற்றில் அவள் பேரைச் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார். பத்தாம் தலைமுறைக் கணக்குப் பார்த்திருந்தால் தாவீதே உள்ளே வந்திருக்க முடியாது.

அப்புறம் இயேசு. எல்லோரும் நல்ல சமாரியன் கதையைச் சொல்வார்கள், நான் லூக்கா 4-ஐச் சொல்கிறேன், கமிட்டிக்கு அதுதான் சரி. நாசரேத்து, சொந்த ஊர், சொந்த ஜெபஆலயம். ஏசாயாவிலிருந்து வாசிக்கிறார், எல்லோரும் அவர் பேச்சைக் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். அதோடு உட்கார்ந்திருந்தால் மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள். அவர் விடவில்லை. எலியா காலத்துப் பஞ்சத்தில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருக்க, எலியா அனுப்பப்பட்டது சீதோன் நாட்டுச் சரெப்தாவிலிருந்த விதவையிடம். எலிசா காலத்தில் எத்தனையோ குஷ்டரோகிகள் இருக்க, சுத்தமானது சீரியாக்காரன் நாகமான். இரண்டே இரண்டு உதாரணம், இரண்டும் வெளியூர்க்காரர்கள். அவ்வளவுதான், ஆலயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கோபத்தால் நிறைந்து, அவரை ஊருக்கு வெளியே தள்ளி, மலை விளிம்பிலிருந்து உருட்டிவிடப் பார்த்தார்கள். 'முதலில் நம்ம பிள்ளைகள்' என்கிற கோபம் எவ்வளவு பழையது, அது யார் மேல் திரும்பியது என்று அவர்களே வாசித்துப் பார்க்கட்டும்.

அந்த வாதத்துக்கு வசன ஆதாரம் இல்லாமலும் இல்லை. கலாத்தியர் 6:10 'யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்' நன்மை செய்யச் சொல்கிறது. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். உங்கள் மண்டபத்தைக் கேட்கும் பையன்கள் யார்? ஜார்க்கண்டில் 1845-ல் ஜெர்மன் மிஷனரிகள் தொடங்கிய லுத்தரன் சபை இருக்கிறது, பெல்ஜியத்திலிருந்து வந்த கான்ஸ்டன்ட் லீவன்ஸ் சுவாமி 1880-களில் ஆதிவாசிகளின் நில வழக்குகளுக்காகக் கோர்ட் வாசலில் நின்றதால் வளர்ந்த கத்தோலிக்கத் திருச்சபை இருக்கிறது. முண்டா, ஒராவோன் என்ற ஆதிவாசி இனப் பையன்களில் பலர் நான்கைந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள். ஒடிசாவின் கந்தமாலில் 2008-ல் நடந்த வன்முறையில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவக் குடும்பங்கள் வீடிழந்து சிதறின. நீங்கள் கூப்பிட்டா அவர்கள் சர்ச்சுக்கு வந்தார்கள்? தேடி வந்தார்கள். விசுவாச குடும்பத்தார் என்றால் அவர்கள்தான்.

அதற்காகக் கிறிஸ்தவனுக்கு மட்டும் செய்யலாம் என்றும் முடித்துவிடாதீர்கள். அதே ஷெட்டில் தங்கியிருக்கும் பீகார் இந்துப் பையனுக்கும் வங்காள முஸ்லிம் பையனுக்கும் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், கையில் துண்டுப் பிரசுரம் எதுவும் கொடுக்காமல். சோற்றுக்கு நிபந்தனை போடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன்.

இனி கூலி. 'அவன் குறைந்த கூலிக்கு வருகிறான், நம்ம கொத்தனார், சித்தாள் பொழைப்பு போகிறது' என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது நிஜம். உங்கள் சபையிலேயே கொத்தனார் குடும்பங்கள் இருக்கும், அவர்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் குறைந்த கூலியை நிர்ணயிப்பது வந்தவனா? லேபர் கான்ட்ராக்டர் தலைக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு, அட்வான்ஸ், சாப்பாடு, ரூம் என்று பிடித்தம் போக மிச்சத்தைத்தான் சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுக்கிறார், சில சமயம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லியும் அனுப்புகிறார். உபாகமம் 24 சகோதரனையும் அந்நியனையும் ஒரே வாக்கியத்தில் வைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. இரண்டு பேருக்கும் ஒரே கூலி, அன்றன்றைக்கே கையில் என்று வைத்தால், மலிவாகக் கிடைக்கிறான் என்பதற்காக வெளியாளை எடுக்கும் தேவையே போய்விடும். உள்ளூர்க் கொத்தனாரையும் அந்தச் சட்டம் காப்பாற்றுகிறது. உங்கள் சபை அடுத்து எதைக் கட்டினாலும் ஒப்பந்தத்தில் இதை எழுதுங்கள். கிறிஸ்மஸ் கேக் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது என்பதுதான் என் கருத்து. நம் சபைகள் கேக்கில் ஆரம்பித்துக் கேக்கிலேயே முடித்துவிடுகின்றன.

கேக் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு பங்கில் (ஒரு சர்ச்சும் அதைச் சேர்ந்த மக்களும்), பேர் வேண்டாம், திருவிழா அன்று புது மண்டபத்தில் பந்தி. சென்ட்ரிங் ஷீட் தடம்கூட இன்னும் பூசப்படாத மேற்கூரை. அதைப் போட்ட பையன்கள் கை கழுவும் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் கையில். ஒரு பெரியவர் அன்போடுதான் கொடுத்திருந்தார், இரண்டாவது பொட்டலம் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். உள்ளே இலை காலியாகத்தான் கிடந்தது. நம்ம பக்கத்து வீடுகளில் திண்ணை எப்படியோ அப்படித்தான் நம் உபசாரமும்: வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கலாம், தண்ணீர் குடிக்கலாம், ராத்திரி படுத்துக்கூட எழுந்து போகலாம், நிலைவாசலைத் தாண்டி வளவுக்குள் கால் வைக்கக் கூடாது. உபாகமம் 16 பண்டிகையைப் பற்றிப் பேசும்போது மகன், மகள், வேலைக்காரன், லேவியன், பரதேசி, திக்கற்றவன், விதவை என்று வரிசையாக எழுதி எல்லோரும் சேர்ந்து சந்தோஷப்படச் சொல்கிறது. பொட்டலம் என்று அதில் எங்கும் இல்லை.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோய் எத்தனையோ பேர் ரயிலேறினார்கள், கடைசியில் வீடியோ பரப்பியவர்களைப் போலீஸ் பிடித்தது. பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது, வாட்ஸாப் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. உங்கள் மண்டபத்துக்கு வருகிறவர்களின் பேர், ஊர், வீட்டு நம்பர் ஒரு நோட்டில் இருக்கட்டும். பயத்துக்காகச் சொல்லவில்லை, சாரத்திலிருந்து ஒருவன் விழுந்தால் யாருக்குப் போன் செய்வது என்று தெரிய வேண்டுமே.

கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. ஆதிச் சபையின் பழைய கையேடு ஒன்று, திதாக்கே என்று பேர், இதற்கு நடைமுறையே வகுத்திருக்கிறது. கர்த்தரின் பேரால் வருகிறவனை ஏற்றுக்கொள், பிறகு அவன் யார் என்று பார்த்துத் தெரிந்துகொள். வழிப்போக்கனானால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். தங்க நினைத்தால், தொழில் தெரிந்தவன் உழைத்துச் சாப்பிடட்டும், தொழில் இல்லாதவனுக்கு ஒரு வழி பண்ணிக் கொடு. வேலை செய்ய மனமில்லாமல் கிறிஸ்துவின் பேரை வைத்துப் பிழைக்கிறவனிடம் எச்சரிக்கையாயிரு. கவனியுங்கள், முதலில் ஏற்றுக்கொள்வது, விசாரணை அதற்கப்புறம். நாம் தலைகீழாகச் செய்கிறோம். அவர்கள் அப்படி இருந்ததால்தான் நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை விட்டு விலகிய ஜூலியன் சக்கரவர்த்தி தன் பூசாரி ஒருவருக்கு எரிச்சலோடு எழுதினார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் சொல்வார்) வளர்வதற்குக் காரணம் அந்நியரை உபசரிப்பதும் செத்தவர்களை அக்கறையாக அடக்கம் செய்வதும்தான், தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், நீங்களும் ஊர் ஊராகச் சத்திரம் கட்டுங்கள் என்று. எதிரி கொடுத்த சான்றிதழ், அதனால் எனக்கு அது பிடிக்கும்.

நம் மண்ணில் விசுவாசம் வந்த கதையும் இதுதான். அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) லிஸ்பனில் பிறந்தவர், காவி கட்டி இந்தச் சீமைக்கு வந்து, 1693-ல் ஓரியூரில் வெட்டுப்பட்டார். அதற்கு முன்னால் அந்த வெள்ளைக்காரனுக்குத் தங்க இடமும் சோறும் யாரோ கொடுத்துத்தானே இருக்க வேண்டும், அதுவும் ராஜாவுக்குப் பயந்துகொண்டு. லெவே சுவாமி பிரான்சிலிருந்து வந்து இந்த வறண்ட ஊர்களில் காலத்தைக் கழித்து 1973-ல் இறந்தார், சருகணியில் அவர் கல்லறையில் இன்றும் எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். உங்கள் பக்கம் அமெரிக்க மிஷன் 1834-ல் மதுரைக்கு வந்தது. வெளியூர்க்காரன் கட்டிய கோயிலில் உட்கார்ந்துகொண்டு வெளியூர்க்காரன் வேண்டாம் என்கிறோம்.

இனி நடைமுறை. மண்டபத்தைக் கொடுங்கள், ஆனால் அதோடு விட்டால் அது இன்னொரு திண்ணைதான். காலை ஆராதனையில் ஒரு பாட்டு, ஒரு வேதவாசிப்பு அவர்களுக்குக் கொடுங்கள், இந்தியோ முண்டாரியோ, எந்த மொழியில் வந்தாலும் சரி. சபையில் ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் யாராவது இருப்பார், அவருடைய இந்தி இத்தனை வருஷம் வீணாகக் கிடக்கிறது, அரசு ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் துணைக்குப் போகச் சொல்லுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ஊரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கார்டு இருப்பவர்கள் இங்கேயே ரேஷன் கடையில் கைரேகை வைத்து வாங்கலாம், பல பேருக்கு இது தெரியாது, கடைக்காரருக்கும் சில சமயம் மறந்துபோகிறது. குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கக் கூடப் போங்கள், செங்கல் சூளைப் பக்கம் இது ரொம்பவே தேவைப்படுகிறது.

வாடகை கேட்டிருந்தீர்கள். இலவசமாகக் கொடுத்தால் கமிட்டியில் சலசலப்பு, வாங்கினால் மனசாட்சி உறுத்தல் என்கிறீர்கள். எண்ணாகமம் 15 உங்களுக்கும் அந்நியனுக்கும் ஒரே பிரமாணம், ஒரே முறைமை என்கிறது. வாலிபர் சங்கத்துக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் மண்டபத்துக்கு என்ன வாங்குகிறீர்கள்? கரண்டுக்கும் பெருக்குகிறவருக்கும் ஏதாவது வாங்கினால் இவர்களிடமும் அதையே வாங்குங்கள், ரசீது போட்டு. வாங்குவதில்லை என்றால் இவர்களிடமும் வாங்காதீர்கள். சாவியை மட்டும் கோயில்பிள்ளை (சர்ச்சைத் திறந்து பார்த்துக்கொள்கிறவர்) கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் அவர்களை வாசலில் காக்க வைக்காமல், அவர்களில் ஒருவரிடமே கொடுத்துவிடுங்கள்.